தாதியரின் பணிநிலையும் நோயாளர் நலமும்

அட்டனை அடுத்த டிக்கோயாவில், இந்திய உதவியுடன் கட்டப்பெற்ற 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலையை 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். தலைமுறைகளாகத் தோட்டத்து மருந்தகத்தையே பெரிதும் நம்பி லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு அது கிடைத்தற்கரிய பேறு. ஆயினும், வைத்தியசாலையைக் கட்டில்களின் தொகையால் அளப்போர் பலர். அக்கட்டில்களின் அருகே இரவில் விழித்திருப்போர் எத்தனை பேர் எனக் கேட்போர் சிலரே.

மருத்துவர் வந்து பார்க்கிறார், மருந்து எழுதுகிறார், அடுத்த விடுதிக்குச் செல்கிறார். எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளி ‘மிஸி’ என்று தாம் அழைக்கும் தாதியின் பார்வையிலேயே இருக்கிறார். பிள்ளை பெற்ற தாய்க்கு உதிரப்போக்கு மிகுவதும், மார்ச்சளியால் வருந்தும் குழந்தையின் மூச்சு விரைவதும் முதலில் அவர் கண்ணிலே படவேண்டும். அரைமணி நேரம் பிந்திக் கண்டால், கண்டும் பயனில்லாது போகலாம்.

விழிப்போ, தேயும் பொருள். தாதியர் பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியாற்றும்போது பிழை நேரும் அபாயம் ஏறக்குறைய மும்மடங்காகிறது என்று 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் இரவு முறை வழக்கமாக மாலை 7 மணி தொடங்கிக் காலை 7 மணிவரை நீள்கிறது. மாற்றாக வரவேண்டியவர் மண்சரிவினால் வழியில் தடைப்பட்டால், நுவரெலியா மாவட்டத்தில் அஃது அரிய நிகழ்ச்சியன்று, அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் போதாது.

தொகையின் செய்தியும் இத்தகையதே. ஐரோப்பாவின் 9 நாடுகளில், அறுவைச் சிகிச்சை பெற்ற 4 இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து லின்டா எய்க்கின் குழுவினர் 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்திருந்தது. மலைநாட்டு விடுதிகள் அந்த ஆய்வுக்கு உட்பட்டவையல்ல. ஆனால் களைப்பு எந்நாட்டவர்க்கும் ஒன்றே.

மலையகத்துக்கே உரிய இடர் வேறொன்றுண்டு. தென்னிலங்கையிலிருந்து நியமனம் பெற்றுவரும் இளந்தாதிக்குக் குளிரும் புதிது, மொழியும் புதிது. கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி ‘நெஞ்சு அடைக்கிறது’ என்பாள். மற்றொருத்தி ‘எரிகிறது’ என்பாள். இன்னொருத்தி ‘மூச்சு இழுத்தால் குத்துகிறது’ என்பாள். முதலாவது இருதயத்தையும், அடுத்தது இரைப்பையையும், மூன்றாவது நுரையீரலையும் ஐயுறச் செய்யும் சொற்கள். அவற்றின் வேறுபாடு ஓரிரண்டு ஆண்டுகளில் செவிக்குப் பழகிவிடும். வைத்தியசாலைக்கு அண்மையில் தங்குவதற்கு ஏற்ற அறையும் ஒழுங்கான ஓய்வும் இருந்தால் அத்தாதி அதுவரை தங்கியிருப்பார். இல்லையெனில் முதல் ஆண்டிலேயே இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுவார். அவருக்குப் பின் வருபவர் மீண்டும் தமிழறிந்த சிற்றூழியர் ஒருவரைத் தேடவேண்டும். நள்ளிரவில் அவரும் அகப்படாவிடின், மூவரின் குறிப்பேட்டிலும் ‘நெஞ்சு வலி’ என்ற ஒரே குறிப்பு ஏறும்.