செடிகளின் கடிகாரம் – 17: இலை கருகும்போது பூக்கும் வெங்காயம்

குளிரை எண்ணிக்கொண்டு மண்ணுக்குள் காத்திருக்கும் குமிழ்களைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். டியூலிப் நினைவிருக்கும், மேலே போவோம். அல்லியம் என்ற வெங்காயப் பேரினத்தின் டச்சுக் கலப்பினமான ‘குளோப்மாஸ்டர்’ ஏன் அத்தனை நாள் வாடாமல் நிற்கிறது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன்னால் அதன் காட்டு உறவினர்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

அல்லியம் ஜைகான்டியம் துர்க்மெனிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் மலைச்சரிவுகளின் செடி. நம் அடுப்படி வெங்காயமும் பூண்டும் இருக்கும் அதே பேரினம்தான். பூத்தண்டு மட்டும் ஐந்தடியைத் தொடும். உச்சியில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சேர்ந்த ஊதாப் பந்து. படம் எடுப்பவர்கள் அந்தப் பந்தோடு நின்றுவிடுகிறார்கள். தண்டின் அடியைப் பாருங்கள். பந்து விரிகிற அதே நாட்களில் இலைகள் நுனியிலிருந்து பழுத்துச் சாய்ந்துகொண்டிருக்கும். நோய் வந்துவிட்டதென்று புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பதறுவதுண்டு. நோயல்ல, கணக்கு.

அந்த மலைகளில் குளிர்காலத்தில் பனி. வசந்தத்தில் சில வாரங்கள் ஈரம். பிறகு கோடை முழுக்க வறட்சி. ஈரம் இருக்கும்போதே இலைகள் ஓடி ஓடிச் சமைத்துக் குமிழை நிரப்பிவிடுகின்றன. வெயில் ஏறும்போது அவற்றுக்கு வேலை இல்லை. பூ சேமிப்பில் பூக்கிறது. பழைய குமிழ் முழுக்கச் செலவாகிப்போக, தண்டின் அடியில் புதிய குமிழ் ஒன்று திரண்டிருக்கும். தரைக்கு மேலே எல்லாம் காய்ந்தபின், செடி தூங்குவதாக நாம் நினைக்கும் காலத்தில்தான், அந்தப் புதுக் குமிழுக்குள் அடுத்த ஆண்டுப் பூவின் கரு உருவாகத் தொடங்குகிறது. இலையுதிர்காலத்தில் வேர் விடும். அப்புறம் வாரக்கணக்கில் குளிர் பட வேண்டும். பட்டால்தான் தண்டு நீளும். சென்னையில் விலை கொடுத்து வாங்கி நட்டுவிட்டு ஏமாறுகிறவர்களுக்கு இதுதான் காரணம். பூ உள்ளே இருக்கிறது. வெளியே வருவதற்கான குளிர்தான் இங்கே இல்லை.

இந்தச் செடிக்கு 1883-இல் பெயர் வைத்தவர் எடுவார்ட் ரெகல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பேரரசுத் தாவரவியல் தோட்டத்தை நடத்திய ஜெர்மானியர். அவருடைய மகன் ஆல்பர்ட் ரெகல் ஒரு மருத்துவர். ரஷ்யர் பிடியில் அப்போது இருந்த குல்ஜாவில், இன்றைய சீனத்தின் இனிங் நகரில், மாவட்ட வைத்தியராக இருந்தார். நோயாளிகளைப் பார்த்ததுபோக மிச்ச நேரமெல்லாம் துர்க்கிஸ்தான் மலைகளில் செடி தேடினார். மகன் அனுப்பியவற்றைத் தகப்பனார் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்த்துப் பார்த்து விவரித்தார். இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் நிற்கும் பல அல்லியங்களின் பெயருக்குப் பின்னால் ‘ரெகல்’ என்று இருப்பதைக் காணலாம்.

இனி, இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம். பந்திலுள்ள ஒற்றைப் பூவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆறு மகரந்தத்தாள்கள், மும்மூன்றாக இரண்டு வட்டம். அடுப்படி வெங்காயத்தில் இதைத் துல்லியமாகக் கவனித்திருக்கிறார்கள். முதலில் உள்வட்டத்து மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். பிறகுதான் வெளிவட்டத்து மூன்று. இது நடக்கிற வரை நடுவிலுள்ள சூலகத்தண்டு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கிறது. மகரந்தம் முழுக்க உதிர்ந்த பின்னால் வளர ஆரம்பித்து ஐந்து மில்லிமீட்டர் ஆகிறது. அப்போதுதான் அதன் முடி மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருந்தும் இருவருக்கும் வெவ்வேறு நாள்! தன் மகரந்தம் தன் மேலேயே விழாமலிருக்க இந்தப் பூ சுவர் எதுவும் எழுப்பவில்லை. நேரத்தை மட்டும் பிரித்து வைத்திருக்கிறது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்தக் கடிகாரமும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

பந்து முழுவதும் ஒரே நாளில் திறப்பதுமில்லை. சில பூக்கள் மொட்டு, சில மகரந்தம் உதிர்ப்பவை, சில சூலகம் நீட்டிக் காத்திருப்பவை. தேனீ ஒரே பந்தைச் சுற்றி வந்தாலும் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போய்விடும். அதை இந்த ஏற்பாடு தடுக்காது. பூக்கும் காலம் வாரக்கணக்கில் நீள்வதற்கும் இந்த முன்பின்தான் காரணம். அல்லியம் ஸ்ஃபீரோசெஃபலான் என்ற இனத்தில் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கித் திறப்பதால், பாதி நாட்கள் பந்து மேலே சிவந்தும் கீழே பச்சையாகவும் இருக்கும்.

பிறகு விதை. கருப்பு விதை, முக்கூறான காய். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் அல்லியம் ஷூபர்ட்டியில் பூக்காம்புகள் நீளமும் குட்டையுமாக, மத்தாப்புச் சிதறியதுபோல் நிற்கும். காய்ந்ததும் தலை முழுதாகக் கழன்று காற்றில் உருண்டு போகும். போகிற வழியெல்லாம் விதை. விழுந்த விதை குளிர்பட்டு முளைத்தால் முதல் ஆண்டில் மெல்லிய ஒற்றை இலைதான். சுருங்கும் வேர்கள் சிறு குமிழை ஆண்டுதோறும் மண்ணுக்குள் கீழே இழுத்துக்கொள்ளும். முதல் பூவுக்கு நாலைந்து ஆண்டுகள் ஆகும்.

இத்தனை ஏற்பாடும் விதைக்காக. குளோப்மாஸ்டரோ விதையே பிடிக்காது. அது வாடாமல் நிற்பதன் காரணத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், பக்கம் முடிந்துவிட்டதால் அடுத்த வாரம்.