உழவர்க்கு உற்ற துணைகள்

உழவர் சேற்றில் கால் வைத்தால்தான் நாம் சோற்றில் கை வைக்க முடியும் என்பார்கள். ஆனால் சேற்றில் இறங்குமுன் அவர் வட்டிக்கடை வாசலில் நிற்க நேர்ந்ததை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நிலையை மாற்ற எண்ணிய அந்நாளைய சென்னை மாகாண அரசு, ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராயுமாறு பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவருடைய அறிக்கைகள் 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு சங்கம் தோன்றியது. இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பயிர்க்கடனோடு உரமும் வழங்குகின்றன.

கடன் பெறச் சிட்டாவும், நிலத்தில் இன்ன பயிர் நிற்கிறது எனக் காட்டும் அடங்கலும் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரர் இடறி விழுவது இங்கேதான். நிலம் ஒருவர் பெயரில், வியர்வையோ மற்றொருவருடையது! குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தும், வாய்மொழிக் குத்தகை மறைந்தபாடில்லை.

அடுத்தது மண் பரிசோதனை. மண்ணின் குறையறியாமல் உரமிடுவது, நோயறியாமல் மருந்துண்பது போன்றதாகும். நெல்வயலாயின் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம். நன்கு கலந்து, அரைக் கிலோ அளவு ஆய்வுக்கு அனுப்பலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 கூறுகள் ஆராயப்படுகின்றன.

மூன்றாவது பயிர்க் காப்பீடு. 2016இல் வந்த பிரதமரின் திட்டப்படி, காப்பீட்டுத் தொகையில் காரிப் உணவுப்பயிருக்கு 2 சதவீதமும், ராபிப் பயிருக்கு 1.5 சதவீதமும் உழவர் செலுத்தும் உச்ச அளவாகும். குத்தகைக்காரரும் சேரலாம். வயலில் அறுத்துப் போட்ட கதிர், 14 நாள்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டால், 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். கெடு தவறினால் இழப்பீடும் கைநழுவிப் போகும்.

பூச்சி, நோய், விதை பற்றிய ஐயங்களுக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. நாட்டிலேயே முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் அமைந்தது நமக்குப் பெருமை. 2004இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

மாணவ நண்பர்களே! உதவிகள் இல்லாமல் இல்லை. அவற்றுக்கும் உழவருக்கும் இடையே படிவமும் கெடுத்தேதியும் நிற்கின்றன. நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தந்தையாரின் அடங்கலை வாங்கிப் படித்துப் பாருங்கள். அண்டை வீட்டுக் குத்தகைக்காரருக்கும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுங்கள். நாம் கற்ற கல்விக்கு அதுவே முதல் விளைச்சலாகும்.