ஆறு மாதம் கழித்துப் பதில் சொல்லும் மரம்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஓர் அடுக்ககப் பால்கனி. ஜனவரியில் ஒருவர் தேக்குப் பலகையில் மேசை இழுப்பறை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஜூலையில் அதே இழுப்பறை அசைய மறுக்கும். அளவெடுத்ததில் பிசகில்லை, பலகை பருத்துவிட்டது.

மரத்தின் செல் சுவர்களில் உள்ள செல்லுலோஸ் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். வெட்டி, உலர்த்தி, வீட்டுக்குள் வந்து ஐம்பது ஆண்டு ஆனாலும் இந்தக் குணம் போகாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால், மரத்துக்குள் அதன் எடையில் சுமார் 12 சதவீத நீர் நிற்கும். கொல்கத்தா மழைக்காலத்தில் ஈரப்பதம் 85-ஐத் தொட்டால் மரத்தின் நீர் 18-ஐ நெருங்கும். செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் நீளம் அவ்வளவாகக் கூடாது, அகலம்தான் கூடும். 30 செ.மீ. அகலப் பலகை 3 மி.மீ. வரை விரியலாம். அதிகம் அசையாத மரம் என்று பேர் வாங்கிய தேக்கின் கணக்கே இது.

பொழுதுபோக்காகத் தச்சு பழகுபவருக்குச் சிக்கல் இங்கேதான். குழம்பில் உப்பு கூடினால் அன்றே தெரிந்துவிடும். மரமோ பதில் சொல்ல ஒரு பருவம் எடுத்துக்கொள்கிறது. தனியே வேலை செய்பவர் இறுகிய இழுப்பறையைப் பார்த்து, நமக்குக் கை வராது என்று முடிவு கட்டிவிடுவார். பக்கத்தில் இன்னொரு மரப்பித்தர் இருந்தால், "மழைதான் காரணம், அண்ணா. துர்கா பூஜை முடியட்டும், தானாக இளகும்" என்பார். ஆறுதலும் காரணமும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்நேரத்து உடல், மன நிலை. முதலாவதுதான் மிக வலுவானது. வெறும் ஊக்கச்சொல், செய்து பார்த்துப் பொய்த்துப்போனால் சீக்கிரம் கரைந்துவிடும்.

இழைப்புளி ஓட்டுவதைக் கவனித்தால் இது விளங்கும். பலகையின் நார் சாய்ந்து மேலேறும் திசையில் தள்ளினால் சீவல் சுருள் சுருளாக வரும், பரப்பு மின்னும். எதிர்த்திசையில் தள்ளினால் அலகு நாருக்கு அடியில் புகுந்து, வெட்டுவதற்கு முன்பே பிளந்து, பிசிர் பிசிராகப் பெயர்த்துவிடும். அப்போது "பிரமாதம்" என்பதில் பயனில்லை. "பலகையைத் திருப்பிப் போடுங்கள்" என்றால் அடுத்த இழைப்பே சுத்தமாக வரும். நல்ல ஊக்கச்சொல் அந்த நொடியிலேயே கற்பவரின் சொந்த வெற்றியாக மாறிவிடுகிறது.

தொழில்முறைத் தச்சர்களுக்கு இந்தத் துணை வேலையோடு கிடைக்கிறது. 1931-இல் பி.என். சர்க்கார் நியூ தியேட்டர்ஸ் படநிறுவனத்தைத் தொடங்கிய டாலிகஞ்சில், சினிமா செட் என்பதே பல கைகள் சேர்ந்து எழுப்புவது. பொழுதுபோக்காளர்தான் துணையைத் தேடிக்கொள்ள வேண்டும். வங்கத்தின் புகழ்பெற்ற பொழுதுபோக்குத் தச்சர், ரவீந்திரநாத் தாகூரின் மகன் ரதீந்திரநாத். அமெரிக்காவில் வேளாண்மை படித்து, 1951-இல் விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். சாந்திநிகேதனில் அவருடைய மரப்பட்டறைக்கு மேலேயே மனைவி பிரதிமா தேவியின் ஓவியக்கூடம் இருந்தது. அருகே 1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதன் கிராம மேம்பாட்டு மையத்தில் கைவினைஞர்களும் சூழ இருந்தார்கள். இப்படித் துணை அமையாதவர்களுக்கும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990-களில் 'மென்ஸ் ஷெட்' என்ற பொதுப் பட்டறைகள் தோன்றின. ஓய்வுபெற்ற ஆண்கள் கருவிகளைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்யும் இடங்கள் அவை. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

இப்படிக் கூடுகிறவர்கள் முடித்த பொருளை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் போதாது. இறுகிய கதவும் வெடித்த மேசைப் பலகையும் நடுவே வர வேண்டும். சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை வைக்காமல் சொருகி, அது விரிய இடம்விடும் பழைய கதவு முறையை அப்போது ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தனி ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு மழைக்காலம்தான் பாடம் நடத்தும். பத்துப் பேர் கூடினால், ஒரே ஆண்டில் பத்துப் பேரின் மழைக்காலம் கைக்கு வந்துவிடும்.