பயண டிரெய்லர்களில் புரொப்பேன் கசிவு

பயண டிரெய்லர் என்பது கார் அல்லது சிறு சரக்கு வாகனத்தின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும், தங்குவதற்கான வசதிகள் கொண்ட வண்டியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இவ்வகை வண்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் சமையலுக்கும் வெப்பமூட்டலுக்கும் புரொப்பேன் வாயு எரிபொருளாக உள்ளது. சிலிண்டர், குழாய் இணைப்பு அல்லது அடுப்பு முதலிய கருவிகளிலிருந்து இவ்வாயு வெளியேறி வண்டிக்குள் சேர்வதே புரொப்பேன் கசிவு எனப்படுகிறது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. டிரெய்லர் சிறிய, மூடிய அறை. அதிலுள்ள கருவிகள் பல தாமாகவே தீப்பொறியை உண்டாக்குபவை. இம்மூன்றும் ஒன்றுசேர்வதால், சிறிய கசிவுகூட தீவிபத்தாகவோ வெடிவிபத்தாகவோ மாறக்கூடும்.

புரொப்பேனின் பயன்பாடு

டிரெய்லர்கள் நிறுத்தப்படும் எல்லா இடங்களிலும் மின் இணைப்பு கிடைப்பதில்லை. காடு, மலை, பாலைநிலம் ஆகியவற்றில் உள்ள முகாம்களில் பல நாட்கள் தங்க வேண்டியிருக்கும். எனவே சமையல் அடுப்பு, வெந்நீர்க் கலன், அறைச் சூடாக்கி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை புரொப்பேனில் இயங்கும்படி அமைக்கப்படுகின்றன. டிரெய்லர்களில் உள்ள குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் கம்ப்ரசர் இருப்பதில்லை. அம்மோனியா கலந்த நீரை ஒரு சிறு சுடர் சூடாக்க, அந்த அம்மோனியாவின் சுழற்சியால் குளிர்ச்சி உண்டாகிறது. இந்தச் சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கக்கூடும்.

பெரும்பாலான டிரெய்லர்களில் 20 பவுண்டு (சுமார் 9 கிலோகிராம்) அல்லது 30 பவுண்டு (சுமார் 13.6 கிலோகிராம்) கொள்ளளவுள்ள ஒன்றோ இரண்டோ சிலிண்டர்கள், வண்டியின் முன்புறத்தில் இழுவைச் சட்டத்தின் மேல், அறைக்கு வெளியே பொருத்தப்பட்டிருக்கும். சிலிண்டருக்குள் புரொப்பேன் அழுத்தத்தால் திரவமாக இருக்கும். வெயில் நாளில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் செல்லும். ரெகுலேட்டர் அதைச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 0.4 பவுண்டாகக் குறைத்து, குழாய்கள் வழியாகக் கருவிகளுக்கு அனுப்புகிறது.

இந்திய வீடுகளில் பயன்படும் 14.2 கிலோகிராம் சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவையாகும். பியூட்டேன் 0 பாகை செல்சியசுக்கு அருகில் ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனின் கொதிநிலை -42 பாகை செல்சியசு என்பதால் கடுங்குளிரிலும் அது வாயுவாக மாறும். குளிர்நாடுகளில் திறந்தவெளியில் வைக்கும் சிலிண்டர்களுக்குப் புரொப்பேன் ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வாயுவின் இயல்புகள்

புரொப்பேனின் மூலக்கூற்று வாய்ப்பாடு C₃H₈ ஆகும். இயற்கை நிலையில் இதற்கு நிறமோ மணமோ இல்லை. இது காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு கனமானது. திரவ நிலையிலிருந்து வாயுவாக மாறும்போது இதன் கனஅளவு சுமார் 270 மடங்கு பெருகும். கசிந்த வாயு முதலில் கீழே இறங்கித் தரையில் படரும். படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டிகள், அலமாரிகளின் அடிப்பகுதி, தரைக்குக் கீழுள்ள குழிவுகள் ஆகியவற்றில் தேங்கும். மேலுள்ள சன்னலைத் திறந்தாலும் தாழ்வான இடங்களில் தேங்கிய வாயு எளிதில் வெளியேறாது.

காற்றில் புரொப்பேன் சுமார் 2.1 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது மட்டுமே தீப்பற்றும். அதற்குக் குறைவானால் எரியப் போதிய வாயு இருக்காது. மிகுந்தால் எரியப் போதிய ஆக்சிசன் இருக்காது. எனினும் செறிவு மிகுந்த அறையைக் காற்றோட்டத்துக்காகத் திறக்கும்போது, வாயு வெளியேறும் வழியில் மீண்டும் இந்த எல்லைக்குள் வந்தே தீரும். அதனால் மிகுந்த செறிவு பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

எவ்வளவு வாயு ஆபத்தானது

6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள டிரெய்லரின் உட்புறக் கனஅளவு சுமார் 29 கன மீட்டர் ஆகும். புரொப்பேன் அறை முழுவதும் சீராகக் கலந்ததாகக் கொண்டால், தீப்பற்றும் கீழ் எல்லையை எட்டச் சுமார் 1.1 கிலோகிராம் வாயு போதும். இது 20 பவுண்டு சிலிண்டரின் எட்டில் ஒரு பங்கு.

ஆனால் கனமான வாயு உடனே சீராகக் கலப்பதில்லை. தரையை ஒட்டிய 10 சென்டிமீட்டர் உயரத்துக்குள் மட்டும் அது தேங்கினால், அந்த அடுக்கு தீப்பற்றும் நிலையை அடைய 60 கிராமுக்கும் குறைவான புரொப்பேன் போதுமானது. நிற்பவரின் மூக்குக்கு எட்டாத உயரத்தில், தரையில் ஆபத்தான செறிவு உருவாகிவிடக்கூடும்.

கசிவு ஏற்படும் இடங்கள்

வீட்டிலுள்ள எரிவாயுக் குழாய்கள் அசையாமல் இருப்பவை. டிரெய்லரின் குழாய்களோ ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் அதிர்வுக்கு உள்ளாகின்றன. இதனால் திருகு இணைப்புகள் தளர்வதும், உலோகக் குழாய்கள் சட்டத்தில் உரசித் தேய்வதும் நேரும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் வெயிலாலும் குளிராலும் வெடிப்பு விடும். வண்டியின் அடியில் செல்லும் குழாய்களைச் சாலையிலிருந்து தெறிக்கும் கற்கள் தாக்கும். அடுப்பின் திருகி உடல் உரசித் திறந்துகொள்வதும் உண்டு. வண்டி பயன்படாத மாதங்களில் சிலந்திகளும் குளவிகளும் எரிகுழல்களில் கூடு கட்டுவதால் சுடர் சரியாக எரியாமல் போகும்.

அமெரிக்காவில் விற்கப்படும் சிலிண்டர்களில் சில தற்காப்பு அமைப்புகள் உள்ளன. சிலிண்டர் கொள்ளளவில் 80 விழுக்காடு வரையே நிரப்பப்படுகிறது. மீதி இடம் வெப்பத்தால் திரவம் விரிவதற்காக விடப்படுகிறது. 4 முதல் 40 பவுண்டு வரையிலான சிலிண்டர்களை மீண்டும் நிரப்ப, மிகைநிரப்பலைத் தடுக்கும் வால்வு இருக்க வேண்டும் என்ற விதி 2002 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குழாய் அறுந்து வாயு வேகமாகப் பாய்ந்தால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இணைப்பியில் உள்ளது. ஆனால் இந்த அமைப்பு பெருங்கசிவை மட்டுமே உணரும். தளர்ந்த ஓர் இணைப்பிலிருந்து மெல்ல வெளியேறும் வாயு, அடுப்புக்குச் செல்லும் வழக்கமான ஓட்டத்திலிருந்து அதற்கு வேறுபட்டுத் தெரியாது. சிறு கசிவைக் கண்டறியும் பொறுப்பு மூக்கிடமும் உணரியிடமும்தான் உள்ளது.

மணமூட்டல்

அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில் 1937 மார்ச் 18 அன்று ஒரு பள்ளிக் கட்டடம் வெடித்துச் சிதறியதில் ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தனர். கட்டடத்தின் அடியில் தேங்கியிருந்த மணமற்ற இயற்கை எரிவாயு ஒரு மின்கருவியின் பொறியால் தீப்பற்றியது. இதன் பின்னர் எரிவாயுவுக்கு மணம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் டெக்சாசில் இயற்றப்பட்டது. பின்பு அவ்வழக்கம் பல இடங்களுக்கும் பரவியது.

புரொப்பேனில் இதற்காக எத்தில் மெர்காப்டான் சேர்க்கப்படுகிறது. அழுகிய முட்டை அல்லது முட்டைக்கோசு போன்ற இதன் நாற்றம், தீப்பற்றும் கீழ் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கு வாயு இருக்கும்போதே உணரத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது விதி. எனினும் மணத்தை மட்டும் நம்புவதற்கில்லை. உறங்குபவர் நாற்றத்தால் விழிப்பார் என்ற உறுதி கிடையாது. சளி பிடித்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் மோப்ப ஆற்றல் குறைந்திருக்கும். தொடர்ந்து முகர்பவரின் மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகிவிடும். சிலிண்டரின் உட்புறத்தில் துரு இருந்தால் மணப்பொருள் குறைந்துபோவதும் உண்டு.

கசிவு உணரி

அமெரிக்காவின் பொழுதுபோக்கு வாகனங்களுக்கான என்.எஃப்.பி.ஏ. 1192 என்னும் தரநிலை, புரொப்பேன் உணரி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, புகை எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பான் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. புரொப்பேன் உணரி தரைக்கு அருகே பொருத்தப்படுகிறது. வாயு தீப்பற்றும் கீழ் எல்லையில் கால் பங்கை எட்டுவதற்குள் இது ஒலி எழுப்ப வேண்டும்.

இக்கருவி பெரும்பாலும் வண்டியின் 12 வோல்ட் மின்கலத்தில் இயங்குகிறது. மின்கலம் தீர்ந்துவிட்டால் உணரியும் செயலிழக்கும். இதன் ஆயுளும் வரம்புக்குட்பட்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கருவியில் குறித்துள்ள காலத்துக்குள் மாற்ற வேண்டும்.

தலைமுடித் தெளிப்பான், துப்புரவுத் திரவம், மின்கலத்தின் குறைந்த அழுத்தம் ஆகியவற்றாலும் உணரி ஒலிக்கக்கூடும். நள்ளிரவில் இவ்வாறு சிலமுறை ஒலித்தபின் பயனர்கள் அதன் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் உண்டு. அதன் பிறகு உண்மையான கசிவு ஏற்பட்டால் உறங்குபவர்களை எழுப்ப எதுவும் இருக்காது. காரணம் தெரியாத ஒலியையும் கசிவாகவே கருதி வெளியேறி, சோதனை முடிந்த பின்னரே அதைத் தவறான ஒலி என்று முடிவுசெய்ய வேண்டும்.

தீப்பொறி மூலங்கள்

டிரெய்லருக்குள் யாரும் தீக்குச்சி கொளுத்தாவிட்டாலும் தீப்பொறி எழ வாய்ப்புள்ளது. அறை குளிர்ந்தவுடன் சூடாக்கி தானாகவே பற்றவைத்துக்கொள்ளும். வெந்நீர்க் கலனும் குளிர்சாதனப் பெட்டியும் அவ்வாறே இயங்கலாம். விளக்கு, காற்றாடி ஆகியவற்றின் சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் பொறி எழும். மின் இணைப்புக் கம்பியைப் பிடுங்குவதும் பொறியை உண்டாக்கும். ஆகவே கசிவு தெரிந்த பின் வண்டிக்குள் நின்று காரணத்தைத் தேடுவது மிக ஆபத்தானது.

கசிவு தெரிந்தால் செய்ய வேண்டியவை

1. எரியும் அடுப்பு, சிகரெட் முதலியவற்றை உடனே அணைக்க வேண்டும்.
2. எந்த மின் சுவிட்சையும் தொடக்கூடாது. காற்றை வெளியேற்றும் காற்றாடியையும் இயக்கக்கூடாது.
3. எல்லோரையும் எழுப்பி வெளியேற்றி, கதவைத் திறந்தே விட வேண்டும்.
4. பாதுகாப்பாக நெருங்க முடிந்தால், வெளியிலுள்ள சிலிண்டர் வால்வுகளைக் கடிகாரச் சுற்றில் திருப்பி மூட வேண்டும்.
5. தொலைவுக்குச் சென்ற பின்னரே கைப்பேசியில் அவசர உதவியை அழைக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அவசர எண் 911 ஆகும். அருகில் நிற்கும் வாகனத்தை இயக்கக்கூடாது.
6. பயிற்சி பெற்றவர் சோதித்துச் சரிசெய்யும் வரை வாயுவை மீண்டும் திறக்கக்கூடாது.

கசியும் வாயு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைப்பது தவறு. எரியாத வாயு மீண்டும் தேங்கி, பின்னர் வெடிக்கக்கூடும்.

பயணமும் பராமரிப்பும்

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வுகளை மூடிவைப்பது பாதுகாப்பான வழக்கம். எரிபொருள் நிரப்பும் நிலையத்தில் நுழையும் முன் எல்லாச் சுடர்களும் அணைக்கப்பட வேண்டும். சில சுரங்கச்சாலைகளில் புரொப்பேனுக்குக் கட்டுப்பாடு உண்டு. பால்டிமோர் துறைமுகச் சுரங்கச்சாலையில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் கொண்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சிலிண்டர்களை எப்போதும் நிமிர்ந்த நிலையில் வெளியே பொருத்த வேண்டும். உதிரிச் சிலிண்டரை அறைக்குள் வைக்கக்கூடாது.

இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழ் எழுகிறதா எனப் பார்ப்பது எளிய சோதனையாகும். இதற்குத் தீச்சுடரைப் பயன்படுத்தக்கூடாது. சிலிண்டரை மாற்றிய ஒவ்வொரு முறையும், நீண்ட இடைவெளிக்குப் பின் வண்டியை எடுக்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். குழாய் அமைப்பு முழுவதையும் அழுத்தமானியால் சோதிப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

கார்பன் மோனாக்சைடு

புரொப்பேன் முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு தனியொரு ஆபத்தாகும். இது மணமற்ற நச்சுவாயு; ஏறத்தாழ காற்றின் எடையே கொண்டதால் அறை முழுவதும் பரவும். சமையல் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்துவது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. புரொப்பேன் உணரி மட்டும் இதைக் கண்டறியாது. எனவே இரண்டு எச்சரிக்கை வசதிகளும் தேவை. இரண்டும் ஒரே கருவிக்குள் அமைந்திருப்பதும் உண்டு.