கண்ணாடிக்கு முன் தரை

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இருங்கள். ஏப்ரலில் பனி கரைந்து பின்வளவில் கதிரை போடத் தொடங்கியதும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் வீடுகளில் ஒரே யோசனை முளைக்கும்: இந்தக் கொங்கிறீற் தளத்தைச் சுற்றிக் கண்ணாடி அடைத்தால் என்ன? மேலே ஒரு கூரை, மூன்று பக்கமும் யன்னல். வருடத்தில் ஐந்து மாதம் மட்டும் உதவும் இடம் பன்னிரண்டு மாதமும் வீட்டோடு சேர்ந்துவிடும். விறாந்தையில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் வியப்பு. ஆனால் சன்ரூம் விற்க வருபவர் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுவார். நாங்கள் காலுக்குக் கீழே இருப்பதில் தொடங்குவோம்.

பின்வளவுத் தளம் என்பது பெரும்பாலும் சல்லிக்கு மேலே நாலு அங்குலத் தடிப்பில் ஊற்றிய கொங்கிறீற். அதற்கு அத்திவாரம் இல்லை. நிலத்தின்மேல் சும்மா கிடக்கிறது. வீடோ பேஸ்மென்ற் ஆழத்தில் நிற்கிறது. கோடையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, மண்ணிலுள்ள ஈரம் உறையும்போதுதான் தெரியவரும். தண்ணீர் பனிக்கட்டியானால் 9 சதவீதம் பருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மண்ணுக்குள் நடப்பது அதைவிடப் பெரிது. உறைந்த படை தனக்குக் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுத்து இழுத்து, படலம் படலமாகப் பனிக்கட்டியைத் தடிக்கச் செய்துகொண்டே போகும். தளம் எழும்பும், வசந்தத்தில் இறங்கும். அதுவும் ஒரே மட்டமாக அல்ல, ஒரு மூலை கூட, ஒரு மூலை குறைய.

வெறும் தளமாக இருக்கும்வரை அதனால் ஒரு குடியும் முழுகாது. அதன்மேல் சுவரை எழுப்பி, கூரையின் ஒரு பக்கத்தை வீட்டோடு பொருத்திவிட்டால் அது வேறு கதை. ஒரு பக்கம் அசையாத வீடு, மறுபக்கம் எழும்பி இறங்கும் தளம். இரண்டும் சேரும் மூட்டுத்தான் பிரியும். முதலில் கதவு இறுகும், பிறகு கண்ணாடிச் சட்டம் கோணும், பிறகு கூரை மூட்டால் தண்ணீர் வீட்டுச் சுவருக்குள் இறங்கும். ரொறன்ரோப் பகுதியில் அத்திவாரம் 1.2 மீற்றர், அதாவது நாலடி, கீழே போகவேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். உறைபனி எட்டாத ஆழம் அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் இருக்க அந்தத் தளத்தைச் சரித்துத்தான் ஊற்றியிருப்பார்கள். அடிக்குக் கால் அங்குலச் சரிவு என்றால் பன்னிரண்டு அடியில் மூன்று அங்குலம். வெளியே அது தெரியாது. அறையாக்கி மேசை போட்டால் தெரியும்.

இதற்கெல்லாம் வழி உண்டு. தளத்தை நம்பாமல், அதன் ஓரமாக நாலடிக்கு மேல் குழி எடுத்து கொங்கிறீற் தூண்களை இறக்கலாம். நிலத்துக்குள் முறுக்கி இறக்கும் இரும்புத் தூண்களும் இருக்கின்றன. ஹெலிக்கல் பைல் என்பார்கள். எதைச் செய்தாலும் அலவாங்கு வைக்குமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்கவேண்டும். காஸ் குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். டெக் வைத்திருப்பவர்கள் ‘எங்களுக்குத் தூண் இருக்கிறதே’ என்று நினைக்கவேண்டாம். நாலு பேரும் ஒரு மேசையும் இருக்கப் போட்ட தூண் அது, கூரையையும் அதன்மேல் விழும் பனியையும் தாங்கப் போட்டதல்ல. வீட்டின் மேல்கூரையிலிருந்து சரிந்தும் காற்றில் அள்ளுண்டும் வரும் பனி, கீழே ஒட்டியிருக்கும் சின்னக் கூரையில்தான் குவியும். அந்தப் பாரத்தை வீட்டுச் செங்கல்லில் தொங்கவிடவும் முடியாது. இங்குள்ள புது வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் வீட்டைத் தாங்குவதில்லை. அது வீட்டுக்குப் போட்ட சட்டை. பாரம் அதற்குப் பின்னாலுள்ள மரச்சட்டத்துக்குப் போகவேண்டும், அல்லது தனித் தூணுக்கு.

இனித்தான் முக்கியமான தீர்மானம். உங்களுக்கு வேண்டியது மூன்று பருவ அறையா, நான்கு பருவ அறையா? மூன்று பருவ அறை என்பது காற்று, மழை, நுளம்பைத் தடுக்கும் கண்ணாடிக் கூடு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இருக்கலாம். சனவரியில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். நான்கு பருவ அறை வீட்டின் ஒரு பகுதியே: அத்திவாரம், தரைக்கும் கூரைக்கும் காப்பு, நல்ல கண்ணாடி, தனி ஹீற்றிங், எல்லாம் வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும். பிரச்சினை வருவது இந்த இரண்டுக்கும் நடுவில். மூன்று பருவ அறையைக் கட்டிவிட்டு, முதல் குளிருக்கு மின் ஹீற்றர் ஒன்றைக் கொண்டுபோய் வைப்பார்கள். கரண்ட் பில் வரும், அறை சூடாகாது.

ஏன் சூடாகாது என்பதற்குக் கணக்கு உண்டு. சூடு வெளியேறுவதைத் தடுக்கும் திறனை இங்கே ‘ஆர்’ எண்ணால் அளப்பார்கள். ஒற்றைக் கண்ணாடி ஏறத்தாழ 1, சாதாரண இரட்டைக் கண்ணாடி 2. கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சும் நடுவில் ஆர்கன் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி 3, 4. மூன்றடுக்குக் கண்ணாடி 5 அல்லது அதற்கு மேல். நீங்கள் இருக்கும் வீட்டின் காப்பிட்ட சுவரோ, அண்மைக்காலத்தில் கட்டியதென்றால், 20ஐத் தாண்டும். ஆக, மூன்றடுக்குக் கண்ணாடி போட்டாலும் அது ஏறத்தாழச் சுவரின் கால்வாசிக்குத்தான் வரும். நான்கு பருவம் வேண்டுமென்றால் கண்ணாடியைக் குறையுங்கள். இடுப்பளவுக்குக் காப்பிட்ட சுவரெழுப்பி அதற்கு மேலே யன்னல் வைப்பது வெட்கப்படவேண்டிய விடயமல்ல.

கூரை முழுவதும் கண்ணாடி வேண்டும் என்பவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. யூலையில் அதன்கீழே இருக்க முடியாது, பெப்ரவரியில் பனி மூடிக் கிடக்கும். மூடிய கூரை போட்டு, தெற்குப் பக்கத்தில் அதை இரண்டடி வெளியே நீட்டிவிடுங்கள். ரொறன்ரோவில் யூன் 21 அளவில் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து 70 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் 21 அளவில் 23 பாகைதான். அந்த இரண்டடி நீட்டு, கோடை நண்பகலில் யன்னலில் ஐந்தடிக்கு மேல் நிழல் விழுத்தும். குளிர்காலத்தில் அதே நீட்டின் நிழல் பத்து அங்குலத்தோடு நின்றுவிடும், மீதி வெயில் முழுவதும் அறைக்குள் வரும். ஒரு பொத்தானும் அமுக்காமல், ஒரு சதமும் கட்டாமல் இது நடக்கிறது. மேற்குப் பக்கத்துக்கு இந்த வித்தை பலிக்காது. மாலைச் சூரியன் தாழ்ந்து வந்து நீட்டுக்குக் கீழாலேயே நுழையும். அங்கே வெப்பத்தைக் குறைவாக உள்ளேவிடும் கண்ணாடியையும் வெளித் திரையையும் கேட்டு வாங்குங்கள்.

திறக்க முடியாத கண்ணாடிகளை அழகுக்காக வரிசையாக வைப்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் றொபேர்ட் வூட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றைக் கண்ணாடியால் மூடினார், மற்றதைக் கல்லுப்புத் தகட்டால். வெப்பக் கதிரைக் கண்ணாடி மறிக்கும், கல்லுப்பு வெளியே விட்டுவிடும். ஆனாலும் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டுக்கு வந்தன. உள்ளே சூட்டைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு, வெளியேற வழியில்லாமல் அடைபட்ட காற்றுக்குத்தான். எனவே உயரத்தில் சில யன்னல்கள் திறக்கவேண்டும், அவற்றுக்கு எதிர்ப்பக்கம் தாழ்வாகவும் சில திறக்கவேண்டும். சூடான காற்று மேலால் போகும், குளிர்ந்தது கீழால் வரும்.

வீட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவிலுள்ள கதவைக் கழற்றிவிட்டு ‘ஓபின் கொன்செப்ற்’ ஆக்கலாமா என்று கேட்பார்கள். மூன்று பருவ அறையென்றால் கூடவே கூடாது. 21 பாகை சூட்டில் 40 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, 7 பாகைக் குளிருள்ள பரப்பைத் தொட்டாலே வியர்க்கத் தொடங்கும். சோறு அவியும் எங்கள் வீடுகளில் ஈரம் சிலவேளை அதைவிடக் கூட. அந்தக் காற்று சனவரிக் கண்ணாடியில் பட்டால் வியர்வை அங்கேயே உறையும், வெயில் ஏறியதும் உருகிச் சட்டத்துக்குள் இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும். பழைய கதவு அங்கேயே இருக்கட்டும்.

கறிவேப்பிலைச் சட்டியை வைக்கத்தான் இந்த அறை என்று சொல்பவர்களையும் கண்டிருக்கிறேன். ஹீற்றிங் இல்லாத அறையில் சனவரி இரவு உறைநிலைக்குக் கீழே போகும், கறிவேப்பிலை தாங்காது. அதை முன்போலவே குசினி யன்னலடிக்குக் கொண்டுவர வேண்டியதுதான். அம்மா அப்பா வெயிலில் இருந்தால் விற்றமின் டி கிடைக்குமே என்பதும் நடக்காது. தோலில் அதை உண்டாக்கும் யூவீ-பி கதிரை யன்னற் கண்ணாடி மறித்துவிடும். வெளிச்சமும் இளஞ்சூடும் கிடைக்கும். வயதானவர்களுக்கு அதுவே பெரிய காரியம், ஆனால் வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தவேண்டாம்.

பெர்மிற் விடயத்தில் எங்கள் சனத்துக்கு ஒரு அலட்சியம் உண்டு: ‘பின்பக்கம்தானே, ஆர் பார்க்கிறது?’ வீட்டோடு ஒட்டிக் கூரையும் சுவருமாக அறை கட்ட சிற்றியின் கட்டட அனுமதி வேண்டும். வேலி எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளவேண்டும், காணியில் எத்தனை சதவீதம் கட்டடத்தால் மூடலாம் என்று அவர்கள் பார்ப்பார்கள். மின்வேலைக்கு மின்பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக அறிவிக்கவேண்டும். பெர்மிற் எடுத்தால் வீட்டு மதிப்பீடு கூடி வரியும் கொஞ்சம் ஏறலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரைபடத்தைப் பார்ப்பவர் உங்கள் கண்ணில் படாததைப் பார்ப்பார். பேனஸ் புகைக்குழாய் அந்தப் பக்கமாக வெளியே வருகிறதா? அதை அறைக்குள் அடைத்தால் காபன் மொனொக்சைட்டை வீட்டுக்குள் விடுகிறீர்கள். காஸ் மீற்றர் எங்கே? பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவரின் படுக்கையறை யன்னல் இந்தத் தளத்துக்குத் திறக்கிறதா? தீப்பிடித்தால் அவர் ஏறித் தப்பவேண்டிய வழி அதுவாக இருக்கலாம். அதை அடைத்துக் கட்டிய அறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க மனம் வருமா?

என் தீர்ப்பைக் கேட்டால், நல்ல தளம் ஏற்கெனவே உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு நேர்மையான மூன்று பருவ அறையே போதும்: நாலடிக்குக் கீழே போகும் தூண், மூடிய கூரை, திறக்கக்கூடிய யன்னல், இடையில் பழைய கதவு. பனிக்காலத்திலும் இருந்தே ஆகவேண்டும் என்றால் தளத்தை மறந்துவிட்டு, முறையான அறையொன்றை அத்திவாரத்திலிருந்து கட்டுங்கள்.

கொன்ட்ராக்ரரிடம் கையொப்பம் வைக்குமுன் தூணின் ஆழம், கண்ணாடியின் விபரம், பெர்மிற் எடுப்பவர் யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வந்து எழுதிய ஒப்பந்தம் என்றால், அதன் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலக ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. ‘இண்டைக்குச் சைன் வைத்தால்தான் இந்த விலை’ என்று அவசரப்படுத்துபவருக்கு ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.