ஆடுகளத்திலிருந்து நீதியாசனம் வரை

உதைபந்தாட்டம் என்றதும் நம் நாட்டு நேயர்களின் மனக்கண்முன் தோன்றும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து நீள்வட்ட வடிவினது. காலால் உதைப்பதிலும் கையால் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. றக்பி ஆட்டத்தைக் கண்டவர்கள் இதனை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறவேண்டும். இல்லையேல் பந்து எதிரணியின் வசமாகும். அம்முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே தனியாக ஒரு காவற்படை உண்டு. அத்தகைய காவல் வீரருள் தலைசிறந்தவராய் விளங்கி, பின்னர் நீதியரசராகவும் உயர்ந்தவர் அலன் பேஜ் ஆவார்.

அவர் 1945 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்திலுள்ள கன்ரன் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். அமெரிக்காவின் தொழின்முறை உதைபந்தாட்டச் சங்கம் 1920 இல் தோன்றியது அந்நகரிலேதான். கறுப்பினச் சிறுவரையும் வெள்ளையினச் சிறுவரையும் வெவ்வேறு பாடசாலைகளிற் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954 இல் தீர்ப்பளித்தபோது, பேஜுக்கு வயது எட்டு. சட்டத்தினால் மக்களின் வாழ்வை மாற்ற முடியும் என்னும் எண்ணம் இளமையிலேயே அவருள்ளத்தில் வேரூன்றியது.

நொற்றடேம் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற அவரை, 1967 இல் மினெசோற்றா வைக்கிங்ஸ் அணி தெரிவுசெய்தது. உடற்பருமனைக் காட்டிலும் வேகமே அவரது படைக்கலம். எதிரணி வீரர் பந்தை எடுத்து நிமிருமுன்னே பாய்ந்து அவரை மடக்குவார். 1971 இல் ஆண்டின் மிகச்சிறந்த வீரர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. காவல் வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இரண்டாமவர் தோன்றுதற்கு 1986 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயின், இறுதி வெற்றி அவர் அணிக்கு வாய்க்கவில்லை. நான்கு முறை இறுதிப் போட்டிக்குச் சென்று, நான்கு முறையும் தோற்றுத் திரும்பியது வைக்கிங்ஸ் அணி.

ஆட்டக்காரரின் வாழ்வு குறுகியது. முழங்கால் ஒருமுறை பழுதுற்றாற் போதும், பேரும் பொருளும் மறுநாளே அகன்றுவிடும். இதனை உணர்ந்த பேஜ் சட்டக் கல்லூரியொன்றிற் சேர்ந்தார். எனினும் சில வாரங்களிலேயே விலகிவிட்டார். ஆண்டுகள் சில சென்றபின் மினெசோற்றாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் தொடங்கி, ஆட்டத்தையும் விடாது, 1978 இற் சட்டப் பட்டம் பெற்றார்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒன்று அவர் மனத்தைப் பெரிதும் வருத்தியது. ஆட்டத் திட்டங்கள் அடங்கிய கைந்நூலை வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக உரக்க வாசிக்கும்படி கேட்கப்பட்டனர். சிலரால் வாசிக்க இயலவில்லை. அவர்கள் பல்கலைக்கழகங்கள்வரை சென்றவர்கள். பந்தாடும் திறமைக்காக வகுப்புக்கு வகுப்பு ஏற்றிவிடப்பட்டார்களேயன்றி, எழுத்தறிவு அவர்களுக்கு ஊட்டப்படவில்லை. கரவொலி எழுப்பிய உலகம் அவர்களைக் கைவிட்டிருந்தது.

அதே 1978 இல் வைக்கிங்ஸ் அணி பேஜை நீக்கியது. அவர் நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபட்டு உடல் மெலிந்தமையே காரணமாகக் கூறப்பட்டது. சிக்காகோ பெயர்ஸ் அணி நூறு டொலர் கட்டணத்துக்கு அவரைப் பெற்றுக்கொண்டது. மிகச்சிறந்த வீரர் எனப் போற்றப்பட்டவருக்கு ஏழாண்டுகளின்பின் குறிக்கப்பட்ட விலை அதுவே! அவரோ தளரவில்லை, 1981 வரை ஆடினார். பதினைந்து பருவங்களில் 218 ஆட்டங்கள். ஒன்றையேனும் அவர் தவறவிட்டதில்லை.

பின்னர் சட்டத்தரணியாகவும், மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகத்திலும் பணியாற்றினார். மினெசோற்றாவில் உயர் நீதிமன்ற நீதியரசரை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்வர். 1992 இல் நீதியரசர் ஒருவரின் பதவிக்காலத்தை ஆளுநர் நீடித்தமையால், அவ்விடத்துக்குத் தேர்தல் நடைபெறாது என்ற நிலை தோன்றியது. பேஜ் வழக்குத் தொடுத்தார், வென்றார். தேர்தல் நடந்தது, அதிலும் வென்றார். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பின நீதியரசர் அவரே. மும்முறை மீண்டும் தெரிவுசெய்யப்பட்டு, எழுபது வயது நிரம்பிய 2015 இல் விதிப்படி ஓய்வுபெற்றார்.

1988 இல் கன்ரன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. இளமையில் அம்மண்டபம் எழும்பியபோது அங்கே கூலிவேலை செய்தவர் அவர்! தம்மை அவைக்கு அறிமுகப்படுத்தப் பயிற்சியாளர் எவரையும் அழையாது, மினியாபொலிஸ் நகரத்துப் பாடசாலை அதிபரான ஓர் அம்மையாரையே அழைத்தார். தமது உரையிலும் ஆட்டப் பெருமையைக் காட்டிலும் கல்வியின் இன்றியமையாமையையே வலியுறுத்தினார். அவ்வாண்டிலேயே மனைவியாருடன் ஒரு கல்வி நிதியத்தை நிறுவினார். வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு உயர்கல்வி உதவி வழங்கிய அந்நிதியம் ஒரு நிபந்தனை விதித்தது: உதவி பெறுவோர் தம்மிலும் இளைய சிறுவர்களுக்குக் கல்வியில் துணைபுரிய வேண்டும். பெற்றவன் கொடுக்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

2017 இல் மினியாபொலிஸ் நகர இடைநிலைப் பாடசாலையொன்றின் மாணவர்கள் முயன்று தம் பாடசாலையின் பெயரை மாற்றுவித்தனர். அதுவரை அது தாங்கியிருந்தது, டக்கோற்றாப் பழங்குடியினரை அழிக்கவோ துரத்தவோ வேண்டுமென 1862 இற் கூறிய ஓர் ஆளுநரின் பெயர். புதிதாகச் சூட்டப்பட்ட பெயர் நீதியரசர் பேஜ் பாடசாலை என்பதாகும். அடுத்த ஆண்டு நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதான சனாதிபதி விருதும் அவரை வந்தடைந்தது.

விளையாட்டில் மின்னும் பிள்ளையைக் கண்டு பெற்றோரும் ஆசிரியரும் மகிழ்தல் இயல்பே. அம்மகிழ்ச்சியில், அப்பிள்ளை வாசிக்கக் கற்றானா என்று கேட்க மறந்துவிடலாகாது. வெற்றிக் கிண்ணங்களை அடுக்கிவைக்கும் ஒவ்வொரு பாடசாலையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.