மாணவர் மனநலம்: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் இந்த இடைவெளி?

பல்கலைக்கழக மாணவர்களின் மனநலம் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் ஒரே முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. பதற்றம், மனச்சோர்வு இரண்டிலும் மாணவிகளின் கணக்கு கூடுதல். உடனே, ‘பெண்பிள்ளைகளுக்கு இளகிய மனசு’ என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு முன் இத்தகைய ஆய்வுகளில் கொடுக்கப்படும் கேள்வித்தாளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

மனநலத்தோடு வாழ்க்கைத் தரத்தையும் சில ஆய்வுகள் அளக்கின்றன. அதற்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவுகோலை உருவாக்கியது. பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்த அந்தப் பணியில் சென்னையும் ஒரு மையம். அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். தூக்கம், தோற்றம், நட்பு பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, கையில் போதிய பணம் இருக்கிறதா, போய்வர வசதி உண்டா, அன்றாடம் பாதுகாப்பாக உணர்கிறீர்களா, ஓய்வாகப் பொழுதைக் கழிக்க முடிகிறதா என்றும் கேட்கிறது.

ஒரே வகுப்பில் படிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். பெண்கள் விடுதியின் கேட் பல கல்லூரிகளில் இருட்டும் முன்பே மூடிவிடும். பிறகு நூலகமும் இல்லை, மைதானமும் இல்லை. வெளியே போக அவுட்பாஸ் வேண்டும், அதற்கு வீட்டிலிருந்து போன் வர வேண்டும். அதே நேரத்தில் பையன் டீக்கடையில் நண்பர்களிடம் அரியர் பேப்பரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பான். டே ஸ்காலர் மாணவிக்கோ நெரிசலான பஸ், வீடு வந்ததும் அடுப்படி. 2015இல் டெல்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ (கூண்டை உடை) என்ற பெயரில் திரண்டது இந்த விடுதி நேரத்துக்கு எதிராகத்தான். பாதுகாப்பு, ஓய்வு, போக்குவரத்து பற்றிய அந்தக் கேள்விகளுக்கு ஒரு மாணவி குறைந்த மதிப்பெண் போட்டால், தன் நாளை உள்ளபடி சொல்கிறாள் என்று பொருள்.

‘ஆம்பளப் பிள்ள அழலாமா’ என்று கேட்டு வளர்ந்த பையன் கேள்வித்தாளிலும் அழுவதில்லை. அவன் வேதனை கோபமாக வரும், குடியாக வரும், வகுப்புக்கு மட்டம் போடுவதாக வரும். ஆய்வு அட்டவணையில் அவன் நலமாகவே தெரிவான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள். அவ்வாண்டு இறந்த மாணவர்கள் மட்டும் 13,044. அவர்களுக்குள் ஆண், பெண் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே யாருக்கு வலி அதிகம் என்று ஒப்பிடுவதை விட, யாருடைய வலி நம் கண்ணுக்குத் தப்புகிறது என்று பார்ப்பதே அவசரம்.

அந்த வலியைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. ஆனால், அந்த அறை முதல்வர் அறையை ஒட்டியிருந்தால், இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே ஆலோசகராகவும் உட்கார்ந்திருந்தால், யார் உள்ளே போவார்கள்? சொன்னது வீட்டுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகவே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கல்லூரிக்குள் பேசத் தயங்குபவர்கள் ‘டெலி-மானஸ்’ என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.